பேரம் பேசுதலும் வியாபாரியின் நாவும்

நம் சமூகத்தாரில் பலர் பரம்பரையாக வியாபாரத்தையே ஜீவனமாகக் கொண்டவர்கள். பினாங்கு சூலியா தெருவிலாயினும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலாயினும், சிங்கப்பூர் அராப் ஸ்திரீட்டிலாயினும் நம்மவர் கடைகளில் பேரம் பேசுவது அன்றாட வழக்கம். இவ்விஷயத்தில் நம்மிடையே இரு கருத்துக்கள் உண்டு. பேரம் பேசுவதே மார்க்கத்திற்கு ஒவ்வாது என்பர் சிலர். பேரத்தில் எதைச் சொன்னாலும் அது வியாபாரத் தந்திரமேயன்றிக் குற்றமாகாது என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் சரியல்ல.

பேரம் ஆகுமானதே

ஒரு பயணத்திலிருந்து திரும்பும் வழியில் ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகம் களைத்துப் போயிற்று. அதைத் தமக்கு விற்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேசி விலை முடிந்தது. மதீனா சேர்ந்ததும் கிரயத்தையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பித் தந்தார்கள். பேரம் தகாத செயலாயின் நாயகம் (ஸல்) அவர்கள் அதைச் செய்திருப்பார்களா?

லாபத்திற்கும் ஷரீஅத் இத்தனை சதவீதமென்று வரம்பு கட்டவில்லை. ஆடு வாங்கிவர ஒரு தீனார் பெற்றுச் சென்ற ஹஜ்ரத் உர்வா (ரலி) அவர்கள், அத்தொகைக்கு இரண்டு ஆடுகள் வாங்கினார்கள். அவற்றில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள்.

குற்றம் எங்கே நுழைகிறது?

அடக்க விலையைச் சொல்லாமல் பேசி முடிக்கும் வியாபாரத்தை முஸாவமா என்றும், அடக்க விலையைச் சொல்லி இவ்வளவு லாபம் என்று விற்பதை முராபஹா என்றும் பிக்ஹு நூல்கள் பிரிக்கின்றன. முன்னதில் அடக்கத்தை வெளியிட வேண்டிய கடமை நமக்கு இல்லை. பின்னதில் வாங்குபவர் நம் சொல்லை நம்பியே பணம் தருகிறார். ஆகவே அது அமானிதம்.

ஒரு புடவையின் அடக்கம் 40 வெள்ளி, விலை 60 வெள்ளி என்று கொள்வோம். வந்த அம்மாள் 45 வெள்ளிக்குக் கேட்கிறார். “கட்டாது, 52க்குக் குறையாது” என்றால் அது பேரம். “என் அடக்கமே 50 வெள்ளி, 2 வெள்ளி லாபம் வைத்துக் கொடுங்கள்” என்றாலோ, அது பொய்யான முராபஹா. ஷாபிஈ மத்ஹபின்படி, கூட்டிச் சொன்ன 10 வெள்ளியும் அதற்கேற்ற லாபமும் கிரயத்திலிருந்து கழிய வேண்டும். இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் சொற்படி, அந்த அம்மாள் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விரும்பினால் அதே விலைக்கு வைத்துக்கொள்ளலாம். வாய்ப்பழக்கமாக நாம் சொல்லும் “அடக்கம்” என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை கனம் இருக்கிறது. அதோடு “வல்லாஹி” என்று சத்தியமும் சேர்ந்தால் என்ன சொல்வது! சத்தியம் சரக்கை விலைபோகச் செய்யும், பரக்கத்தையோ அழித்துவிடும் என்பது ஹதீஸின் கருத்து.

பேரம் பேசத் தெரியாதவர்

வாயுள்ளவர் 45க்கு வாங்கிச் செல்வதும், வெளியூராரும் கூச்சமுள்ளவரும் 60 கொடுத்துச் செல்வதும் நாம் காணாததல்ல. பஸ்ராவில் ஜவுளி வியாபாரியாயிருந்த யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களின் சரித்திரத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கடையில் இல்லாத வேளையில், 200 திர்ஹம் பெறும் ஆடையை அவர்களுடைய சகோதரர் மகன் ஒரு கிராமவாசிக்கு 400க்கு விற்றுவிட்டார். வழியில் அக்கிராமவாசியைக் கண்ட யூனுஸ் அவர்கள், “எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்தியே” என்று அவர் சொல்லியும் விடாமல், அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கியவரின் திருப்தி ஒன்றே போதுமென்று அவர்கள் எண்ணவில்லை. தமக்கு விரும்பியதை அவருக்கும் விரும்பினோமா என்று பார்த்தார்கள்.

நாம் வாங்கும்போது

நாமும் மொத்தக் கடைக்குச் சென்றால் வாங்குபவரே. பிறர் பேசி முடித்த விலையின்மீது நாம் குறுக்கே விலை ஏற்றிக் கேட்பதும், வாங்கும் எண்ணமில்லாத ஆளை ஏவி விலையை உயர்த்துவதும் ஹதீஸில் தடுக்கப்பட்டவை. செல்வரிடம் ஏமாந்து அதிகம் கொடுப்பது புகழுக்குரியதல்ல என்றும், ஏழையிடம் வாங்கும்போது விட்டுக் கொடுப்பது இஹ்ஸான் என்றும் இமாம் கஸ்ஸாலி கூறுகிறார்கள். பெரிய கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, கூடைக்காரக் கிழவியிடம் பத்துக் காசுக்கு மல்லுக்கு நிற்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

சரக்கின்மேல் விலையை எழுதி வைப்போம். மலேசியச் சட்டமும் அதைக் கேட்கிறது. எதுவரை குறைக்கலாம் என்பதைக் கடைப் பையன்களுக்கு முன்னரே சொல்லி வைப்போம். கேளாதவருக்கும் அந்தச் சலுகையைக் கொடுப்போம். அடக்கத்தைப் பற்றி ஒன்று மெய் சொல்வோம், அல்லது மௌனமாயிருப்போம். சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டு முதல் அமலிலுள்ள சட்டப்படி, இல்லாத விலைச் சலுகையை இருப்பதாகச் சொல்வது நியாயமற்ற வியாபாரமாகும். சர்க்கார் சட்டத்திற்கு அஞ்சுமுன் நாம் அல்லாஹ்வுக்கு அஞ்ச வேண்டாமா?

விற்பவரும் வாங்குபவரும் மெய்யுரைத்துக் குறையை மறைக்காதிருந்தால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டென்பது நாயகம் (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. அந்தப் பரக்கத்தை நம் கல்லாக்களில் அல்லாஹு தஆலா தந்தருள்வானாக! ஆமீன்.