காட்டுக்குள் ஒரு பாடம்: ஹோட்டன் சமவெளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவோம்



நம்ம லயத்துப் பீலியில் விழுகிற தண்ணீர் எங்கேயிருந்து வருது என்று பிள்ளைகளிடம் கேட்டால், "மலையிலிருந்து" என்பார்கள். சரிதான். மலைக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு ஏற்ற இடம் நமது நுவரெலியா மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் ஹோட்டன் சமவெளி. சிங்களத்தில் மகா எலிய என்பார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, சுமார் 3,160 ஹெக்டேயர் பரப்பில் உள்ள இந்தச் சமவெளி 1988ஆம் ஆண்டு தேசிய பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியானது. கோப்பிக்கும் தேயிலைக்கும் காடழித்த காலத்தில் இது எப்படித் தப்பியது? 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளை வெட்டாமல் விடும்படி 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர் ஆங்கில அரசுக்கு ஆலோசனை சொன்னார். அன்று அவை தப்பியதால்தான் இன்று நமக்கு ஆறு இருக்கிறது.

வழியில் என்ன படிக்கலாம்?

சுற்றி வரும் நடைபாதை சுமார் 9 கிலோமீற்றர். பிள்ளைகளோடு நடந்தால் நான்கு மணித்தியாலம் பிடிக்கும். வழிகாட்டி விடுவிடுவென்று கூட்டிப்போனால் கால்தான் வலிக்கும். நான்கு இடத்தில் நிறுத்திப் பேச வேண்டும்.

1. காட்டு ஓரம்: மரத்தில் படர்ந்த பாசியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மழை இல்லாத நாளிலும் ஈரமாக இருக்கும். மூடுபனி இலையிலும் பாசியிலும் பட்டுச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது. காட்டு மண் அதைப் பஞ்சு போலக் குடித்து வைத்து, கொஞ்சங் கொஞ்சமாக விடுகிறது.

2. ஓடைக்கரை: மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கேயிருந்து தண்ணீர் போகிறது. அக்கரப்பத்தனைப் பக்கம் இறங்குகிற ஆக்ரா ஓயா மகாவலிக்கும், பெலிஹுல் ஓயா வளவைக்கும் போய்ச் சேருகின்றன.

3. புல்வெளி: மரைக் கூட்டம் மேயும். பிஸ்கட், பாண் எதையும் கொடுக்கக் கூடாது. கையை எதிர்பார்த்துப் பழகிய மிருகம் காட்டில் பிழைக்கத் தெரியாமல் போய்விடும். மூக்கில் கொம்பு உள்ள ஓணானையும் தேடிப் பாருங்கள். இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டிலும் அது இல்லை.

4. உலக முடிவு: 800 மீற்றருக்கும் மேற்பட்ட செங்குத்துப் பள்ளம். பிள்ளைகளை விளிம்புக்கு விடவே கூடாது. பனி விலகினால் கீழே தெரிவதும் தேயிலைத் தோட்டந்தான். மேலே காடு, கீழே தோட்டம். இதுதான் இன்றைய பாடத்தின் சுருக்கம்.

போகுமுன்

பாடசாலை அதிபர் மூலம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே எழுதி, நாளையும் வழிகாட்டியையும் கட்டணத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். காலையிலேயே நடக்கத் தொடங்க வேண்டும். பொழுது ஏறினால் பனி மூடிப் பள்ளம் தெரியாது. கம்பளிச் சட்டையும் நல்ல சப்பாத்தும் வேண்டும். வாசலில் பையைச் சோதிப்பார்கள், பொலித்தீனை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள்.

திரும்பி வந்தபின்

படித்தது நம்ம தோட்டத்திலும் உதவ வேண்டும். தண்ணீர் எடுக்கிற ஊற்றுக்கு மேலே உள்ள காட்டை விறகுக்காக வெட்டினால், முதலில் காய்வது நம்ம பீலி. வெட்டிவிட்ட தேயிலை மிலாறும் சவுக்குக் கிளையும் இருக்க, ஊற்றுக்கு மேலே கத்தி வைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறோம். மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிளறிப் போடுகிற வேதனை நமக்குத் தெரியும். அதற்காகச் சிலர் சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படிப்பட்ட சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. மீட்டுக் கொண்டுபோய் வைத்தியம் செய்தும் பிழைக்கவில்லை. பன்றியைப் பிடித்துத் தின்று குறைப்பதும் அதே சிறுத்தைதான். சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது, நம்ம வீட்டு நாய் எது என்று தெரியாது. சட்டப்படியும் அது குற்றம். வேலி அடைப்போம், கம்பி கட்ட வேண்டாம்.

வீட்டில் பேசிப் பார்க்க மூன்று கேள்விகள்:

• நம்ம பீலித் தண்ணீரின் ஊற்று எது? அதை எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறோம்?
• அதற்கு மேலே காடு இருக்கிறதா, வெட்டையா?
• இந்த வருடம் அங்கே எத்தனை கன்று நடலாம்?

பதிலைப் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதி நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுக்கட்டும். கன்று நடுகிற நாளை எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்வோம்.