சாரலுக்கு முன்னும் சாரலிலும்: பழைய காரை வீட்டிலேயே பழுது பார்க்க

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டைத் தெருக்களில் காலையில் ஒரு சத்தம் கேட்கும். செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியும் இறங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்து, “பிளக்கை மாத்துங்கண்ணே” என்பார். இன்னொருவர் “பேட்டரி போச்சு” என்பார். இருவர் சொன்னதையும் வாங்கிப் போட்ட பிறகும் வண்டி அப்படியே நிற்கும். சாரல் காலத்தில் செலவாகும் பணத்தில் பாதி இப்படி ஊகத்தில் வாங்கிய பாகங்களுக்குத்தான் போகிறது என்பது என் கணிப்பு. பழுது எங்கே என்று உறுதியான பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையைப் பற்றியதுதான்.

எடுத்துக்காட்டுக்கு மாருதி 800-ஐ வைத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பர் 14-ல் முதல் வண்டி கை மாறியது. 2014 ஜனவரி 18-ல் உற்பத்தி நின்றது. 796 சிசி, மூன்று சிலிண்டர். பானெட்டைத் திறந்தால் எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். வீட்டில் வேலை கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான கார் நம் ஊரில் வந்ததில்லை. ஆம்னி, பழைய ஆல்ட்டோ, ஜென் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

தேவையானவை கொஞ்சம்தான்: ரிங் ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்ச், உலர்ந்த பருத்தித் துணி, உப்புத்தாள், ஒரு நோட்டு. நோட்டை விட்டுவிடாதீர்கள். எந்த நாள், எத்தனை கிலோமீட்டரில், மழையா வெயிலா, எஞ்சின் சூடா குளிரா என்று எழுதி வைத்தால் பழுதின் பழக்கம் பிடிபட்டுவிடும்.

வண்டி எடுக்காத காலையில்

முதலில் காதைத் தீட்டுங்கள். சாவியைத் திருப்பியதும் ‘டக டக டக’ என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் வலு இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, ஹெட்லைட்டும் மங்காமல் இருந்தால் செல்ஃப் மோட்டார் அல்லது அதன் சோலனாய்டு. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். தீப்பொறியோ பெட்ரோலோ வந்து சேரவில்லை.

பேட்டரிச் சோதனைக்கு வண்டி இரவு முழுக்க நின்றிருக்க வேண்டும். காலையில் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 இருந்தால் சமாளிக்கும். 12-ஐத் தொட்டால் இறங்கிவிட்டது. பிறகு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது மீட்டரைப் பாருங்கள். ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். எஞ்சின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறாத வண்டிக்குப் புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரையும். பேட்டரியின் மூடித் துளைக்குள் மட்டும் அது போகக் கூடாது. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பாசிட்டிவை முதலில், நெகட்டிவைக் கடைசியில் மாட்டி இறுக்கியபின் மேலே வாசலின் பூசுங்கள். நெகட்டிவ் கேபிளின் மறுமுனை பாடியிலும் கியர்பாக்ஸிலும் எர்த் ஆகும் இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. பழைய வண்டியில் அந்த போல்ட் துருவேறியிருக்கும். பேட்டரி செத்தது போலக் காட்டும் பழுதுகளில் பல அங்கேதான் இருக்கின்றன.

ஈரம் புகும் இடம்

மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவு பக்கம் தாழ்ந்து வழிவிடுவதால் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு நம்மிடம் வந்து சேர்கிறது. குற்றாலத்துக்கு அருவியைத் தருவது அந்த ஈரம்; பழைய காரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் படிவதும் அதே ஈரம். பல ஆயிரம் வோல்ட் ஓடும் இடம் அது. மூடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே எஞ்சின் உடம்புக்கு ஓடிவிடும். வெயில் அடித்துக் காய்ந்ததும் வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும்போது பழுது இருக்காது, மறுநாள் காலையில் மறுபடி வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போதும். வண்டியை இருட்டில், திறந்த வெளியில் நிறுத்தி, பெட்ரோல் வாடை எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சினை ஓட விட்டு, பானெட்டைத் திறந்து, எதையும் தொடாமல் பாருங்கள். பிளக் ஒயர்களின் மேல் நீல நிறத்தில் பொறி ஊர்ந்தால் அந்த ஒயரின் ரப்பர் வெடித்திருக்கிறது. தெரியாவிட்டால் கைத் தெளிப்பானால் ஒயர்கள் மேல் தண்ணீரைப் பனிபோல் ஒரே ஒருமுறை அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். பழுதுள்ள ஒயர் காட்டிக்கொடுக்கும். ஒன்று போயிருந்தாலும் செட்டாக மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வயது.

பிறகு எஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். பென்சில் கோடுபோல் மெல்லிய கருங்கோடு ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால், துடைத்துப் பயனில்லை. மூடியை மாற்ற வேண்டும். கோடு இல்லையென்றால் உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் போதும். மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் வளையம் கல்லாகிப் போயிருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மறுபடி ஈரம் புகும்.

எஞ்சின் எடுத்தும் உதறுகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது என்றால் மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, உபரி பிளக் ஒன்றை அதில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை ஒரு கம்பியால் எஞ்சினோடு கட்டிவிட்டு, சில விநாடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். இப்படி மூன்றுக்கும். எந்த ஒயரைக் கழற்றியும் உதறல் கூடவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. அதன் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம். வெளுத்துப் போயிருந்தால் அளவுக்கு மீறிய சூடு.

தீப்பொறி சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் பெட்ரோல் பக்கம் வாருங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின்பக்கத்திலிருந்து ஓரிரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். அது பெட்ரோல் பம்ப். கேட்கவில்லையா, ஃபியூஸையும் ரிலேயையும் முதலில் பாருங்கள், பம்ப்பைக் கடைசியில். கார்புரேட்டர் வண்டியில் ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் நின்றிருக்கும்போது ஆக்சிலேட்டர் லிங்க்கை ஒருமுறை இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீச்சினால் வந்து சேர்கிறது என்று பொருள்.

பெட்ரோல் ஹோஸ்களையும் இப்போது கவனிக்க ஒரு காரணம் உண்டு. 2025-ல் நாடெங்கும் பெட்ரோலில் எத்தனால் கலவை 20 சதவீதத்தை எட்டிவிட்டது. இந்த வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் சாரலில் நிறுத்தாதீர்கள். ஹோஸை மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி, கிளிப்போடு மாற்றுங்கள். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கைப்பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஏற்றத்தில் ஹீட் ஆனால்

புளியரை தாண்டி எஸ் வளைவில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது பழைய ரேடியேட்டரின் உண்மை நிலை தெரிந்துவிடும். எப்போது சூடாகிறது என்பதே பாதி விடை. நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்குகிறதா? ஃபேன் சுற்றவில்லை. ஃபேனுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, பழுது சுவிட்சிலோ ரிலேயிலோ. ஓடினாலும் ஏற்றத்தில் ஏறுகிறதா? கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், பெல்ட் என்ற வரிசையில் பாருங்கள்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மேல் ஹோஸைக் கையால் அமுக்க முடிகிற அளவு ஆறிய பிறகுதான். சிற்றாற்றுத் தண்ணீரோ போர்த் தண்ணீரோ நடுவழியில் உயிர் காக்க ஊற்றலாம். வீடு திரும்பியதும் வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து நிரப்புங்கள். உப்புப் படிந்த ரேடியேட்டர் மெல்ல மெல்ல அடைபடும்.

ஹீட் ஆகிற வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும், உள்ளே தேயும். அதைச் சோதிக்க அடுப்படி போதும்: பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் அதன் வாய் திறக்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும். இல்லையென்றால் புதிது வாங்குங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய்போல் படிந்திருப்பதைப் பார்த்து “ஹெட் கேஸ்கெட் போச்சு” என்று பலர் கலங்கிப் போகிறார்கள். சாரல் மாதங்களில் வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்று குறுகிய ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியில், எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே ஈரம் தங்கி இப்படி வெண்மை படியும். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட் குறையாமலும் இருந்தால், ஒரு நாள் நீண்ட தூரம் ஓட்டுங்கள், போய்விடும். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் வெளுத்திருந்து, கூலன்ட்டும் குறைந்து, குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால்தான் கேஸ்கெட். அதோடு வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள்.

பிரேக்கும் துருவும்

பிரேக்கில் வீட்டில் செய்ய வேண்டியது பரிசோதனை மட்டும். எஞ்சினை ஓட விட்டு, பெடலை மிதித்து அப்படியே வைத்திருங்கள். மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரோ எங்கோ கசிவோ. பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று. பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை. மூன்றில் எது தெரிந்தாலும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் அதன் கொதிநிலை குறையும்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் மலையிறக்கத்தில் பெடல் ஏமாற்றாது. ஐந்தருவிச் சாலையில் தேங்கிய தண்ணீரைக் கடந்தபின், பின்னால் வண்டி இல்லாதபோது பெடலை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்துங்கள். நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் இழுத்து நாள்கணக்கில் விட்டால் ஷூ ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தால் போதும்.

துருவுக்கு ஈர்க்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் தண்ணீர் வடிய சிறு துளைகள் உண்டு. மண் அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் நின்று உள்ளிருந்தே அரிக்கும். ஈர்க்கால் குத்தித் திறந்துவிடுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் சேரும் இலைதழைகளையும் அள்ளுங்கள். கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் ஊறுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். தரை விரிப்பை முழுதாகத் தூக்கிப் பார்த்து, ஈரம் இருந்தால் வெயிலில் காயப் போடுங்கள். தகட்டை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். மொத்தென்ற சத்தமும் செதிலும் வந்தால் வெல்டிங் வேலை இருக்கிறது. 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதெல்லாம் கேள்வியாக வரும்.

வயல் பக்கத்தில் நிறுத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். அருவிக்கரையில் நிறுத்துகிறவர்களுக்குக் குரங்கு. வைப்பர் ரப்பர் பத்திரம்.

வண்டிக்கு அடியில் போகிற வேலை எதுவானாலும் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம், பாரத்தில் திடீரென்று நொறுங்கும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். டைமிங் பெல்ட், கிளட்ச், ஸ்டியரிங் ஆகியவை ஒர்க்‌ஷாப் வேலை. அங்கே போகும்போது “எதையாவது பாருங்கண்ணே” என்று சாவியைக் கொடுக்காமல் நோட்டைக் காட்டிப் பேசுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் குடும்பத்தை ஏற்றுவதற்கு முன் தனியாக ஒரு சுற்று. தென்காசியிலிருந்து செங்கோட்டை வரை சமதளம், அங்கிருந்து புளியரை தாண்டி கோட்டைவாசல் ஏற்றம், திரும்பும்போது இறக்கம். சூடு, இழுவை, பிரேக் மூன்றும் அந்த ஒரே ஓட்டத்தில் சோதனையாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அட்டையில் சொட்டு இருக்கிறதா, கூலன்ட் குறைந்திருக்கிறதா, பேட்டரி எத்தனை வோல்ட் என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். கறுப்புச் சொட்டு ஆயில், பச்சையோ சிவப்போ கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் வழவழப்பான ஈரம் என்றால் பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.