இன்சுலினும் நம் ஹெப்பகோடியும்

தைராய்டுக்குத் தினமும் மாத்திரை சாப்பிடும் ஒரு அம்மையார் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்கள்: "எனக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அதோடு சரி. என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் சார் ஊசி எழுதித் தருகிறார்கள்? இரண்டும் ஹார்மோன் என்றுதானே சொல்கிறார்கள்?" அவருடைய கணவர் ஊசிக்கு அஞ்சி ஆறு மாதமாக மருத்துவர் பக்கமே போகவில்லையாம். இதே அச்சம் நம் சங்கக் குடும்பங்களில் வேறு சில வீடுகளிலும் இருப்பதை நான் அறிவேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் உடலில் இரண்டு வகைச் சுரப்பிகள் உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி போன்றவை தாம் சுரப்பதை ஒரு சிறு குழாய் வழியே வெளியேற்றுகின்றன. அந்தக் குழாய்க்கு நாளம் என்று பெயர். பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரினல் முதலியவற்றுக்கு அத்தகைய குழாய் கிடையாது. அவை சுரக்கும் ஹார்மோன் நேரே இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. நாளமில்லாச் சுரப்பிகள் என்று நம் பாடநூல்கள் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! இங்கே ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் 'எண்டோகிரைன்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ்ப் பெயரிலோ விளக்கமும் சேர்ந்தே இருக்கிறது.

இந்த இரண்டு வகையிலும் சேர்ந்த உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் கணையம். உணவைச் செரிக்க வைக்கும் நீரை அது நாளத்தின் வழியே சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அதனுள்ளே தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களோ இன்சுலினை நேரே இரத்தத்தில் விடுகின்றன. அந்தத் திட்டுகளை 1869-இல் கண்டு சொன்னவர் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர். லத்தீனில் தீவுக்கு 'இன்சுலா' என்று பெயர். இன்சுலின் என்ற பெயர் அதிலிருந்து வந்ததே.

இப்போது மாத்திரைக் கேள்விக்கு வருவோம். தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மிகச் சிறிய மூலக்கூறு. வயிற்றைத் தாண்டிக் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேர்ந்துவிடும். இன்சுலின் அப்படியல்ல. அது 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். நாம் சாப்பிடும் பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதத்தை வயிறு எப்படிச் செரித்து விடுகிறதோ, அப்படியே இன்சுலினையும் செரித்துவிடும். ஆகவேதான் தோலுக்கடியில் ஊசி. வாய்வழி இன்சுலின் செய்ய உலகில் பலரும் முயன்றார்கள். ஹெப்பகோடியில் உள்ள பயோகான் நிறுவனமும் முயன்றது. அதன் மருந்து 2011-இல் பெரிய சோதனையில் எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை.

பயோகான் நமக்குப் புதிய பெயர் அல்ல. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தட மெட்ரோவில் நம் நிலையத்துக்கே 'பயோகான் ஹெப்பகோடி' என்றுதான் பெயர். ஆனால் அந்தப் பெயருக்கும் நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் மருந்துக்குப்பிக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது.

1922 ஜனவரி 11-இல் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் கணையச் சாறு ஊசியாகப் போடப்பட்டது. அது தூய்மையாக இல்லாததால் பலன் குறைவு. சில நாளில் சுத்தம் செய்த சாற்றைப் போட்டதும் பையன் தேறினான். அதற்கு முன் இன்சுலின் அறவே சுரக்காத குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சிறிது காலம் காப்பாற்றியதைத் தவிர மருத்துவம் ஏதும் இல்லை. கண்டுபிடித்தவர்கள் தங்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு பல பத்தாண்டுகள் இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே வந்தது. ஒரு பவுண்டு மருந்துக்குச் சுமார் 8,000 பவுண்டு கணையம் தேவைப்பட்டது. புலால் தொடாத எத்தனையோ வீடுகளில் இது தெரியாமலே ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள். மாட்டு இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து மூன்று அமினோ அமிலங்களில் வேறுபடும். சிலருக்கு ஒவ்வாமையும் வந்தது.

1978-இல் அமெரிக்காவில் மனித இன்சுலினுக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்தி அதைச் செய்ய வைத்தார்கள். 1982-இல் அது விற்பனைக்கு வந்தது. அதே 1978-இல்தான் கிரண் மஜும்தார் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் கொட்டகையில் பயோகானைத் தொடங்கினார். முதலில் செய்த பொருள்களில் ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் நொதி. 2004-இல் அந்நிறுவனம் 'இன்சுஜென்' என்ற மனித இன்சுலினைக் கொண்டுவந்தது. பாக்டீரியாவுக்குப் பதில் பிச்சியா என்னும் ஒரு வகை ஈஸ்டைப் பயன்படுத்தினார்கள். ஆப்ப மாவில் கள் ஊற்றினால் பொங்குகிறதே, அதைச் செய்வதும் ஈஸ்ட்தான்; இது அதற்கு உறவுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கலன்களில் இந்த ஈஸ்ட் பெருகும்போது, அதனுள் வைத்த மரபணுவின்படி இன்சுலினுக்கு முந்தைய வடிவத்தைச் செய்து வெளியே விடுகிறது. அதைச் சுத்தம் செய்து பக்குவப்படுத்தினால் மருந்து.

"ஊசி ஆரம்பித்தால் அதற்கே அடிமையாகி விடுவோம்" என்பது எங்கும் கேட்கும் பேச்சு. நம் உடலே செய்துவந்த பொருளை, அது போதாதபோது வெளியிலிருந்து கொடுக்கிறோம். இதில் அடிமைத்தனம் எங்கே வந்தது? நடுவயதில் வரும் சர்க்கரை நோயில் கணையம் ஆண்டுகள் செல்லச் செல்லக் களைத்துப் போகிறது. மாத்திரை போதாத நாள் வரலாம். ஊசியைத் தள்ளிப்போடும் மாதங்களில் கண், சிறுநீரகம், கால் நரம்புகள் சத்தமில்லாமல் கெடுகின்றன. வலி இல்லை என்பதாலேயே இது ஏமாற்றும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் நாட்டுக் கடைகளில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அமெரிக்கா போன்ற நாடுகளில் 100 யூனிட். அந்தச் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மகன் கொண்டுவந்த நல்ல சிரிஞ்சு என்று அதில் நம் ஊர் மருந்தை 20 என்ற கோடு வரை இழுத்தால், உடலில் சேர்வது 8 யூனிட்தான். மாறாக, அங்கிருந்து வந்த மருந்தை நம் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பேனா வகையில் வேறு அளவுகளும் உண்டு. அதன் மருந்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்க வேண்டாம்.

திறக்காத குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்துவிட்டால் மருந்து வீண், உருகினாலும் பயன்படாது. திறந்ததைச் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் வைக்கலாம். பெங்களூர் இதற்குத் தோதான ஊர். ஆனால் மே மாத விடுமுறையில் சேலத்துக்கோ திருநெல்வேலிக்கோ போகும்போது கதை வேறு. வெயிலில் நிறுத்திய காருக்குள் குப்பியை விட்டுச் செல்லாதீர்கள். ஊரில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால், குப்பியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, தண்ணீர் உள்ள மண்பானைக்குள் வைத்து, பானையை நிழலில் வைத்தால் போதும்.