வாயை அடைத்தால் புகார் கூடும்

கேள்வி: லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு ட்ரைவர் எழுதுகிறேன். தனி அசெம்பிளிக் கோப்பில் உள்ள ரொட்டீன் ஒன்று பஃபரை நிரப்பித் தருகிறது. ஆனாலும், மதிப்பே வைக்காத நினைவகத்தைப் படிக்கிறேன் என்று கெர்னலின் கேஎம்சான் சோதனைக் கருவி புகார் சொல்கிறது. ரொட்டீனை அழைக்கும் ஃபங்ஷனுக்கு ‘நோ சானிடைஸ் மெமரி’ அட்ரிபியூட் போட்டுப் பார்த்தேன். சம்பந்தமில்லாத கோப்புகளிலும் புகார் முளைத்துவிட்டது! மெம்செட் போட்டு பஃபரைப் பூஜ்யமாக்கிவிடட்டுமா?

பதில்: மெம்செட் வேண்டாம். புகார் நிற்கும்தான், ஆனால் நாளைக்கு ரொட்டீன் பாதி பஃபரை மட்டும் நிரப்பினாலும் கேஎம்சான் வாயே திறக்காது.

கெர்னல் நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டுக்கும் கேஎம்சான் ஒரு நிழல் பிட் வைத்திருக்கிறது. அது 1 என்றால் அங்கே இன்னும் மதிப்பு வரவில்லை. இதை ஒரு பேரேடாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் வரவு வைப்பவை, கிளாங் கம்பைலர் உங்கள் சி நிரலுக்குள் நுழைத்துவிடும் கட்டளைகள். அசெம்பிளிக் கோப்பில் கிளாங் அப்படி எதையும் நுழைப்பதில்லை. பணம் வந்துவிட்டது, வரவு ஏறவில்லை. உங்கள் முதல் புகார் இதுதான்.

அடுத்து நீங்கள் செய்தது, இருந்த கணக்குப்பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிய வேலை. ‘நோ சானிடைஸ் மெமரி’ சோதனையோடு கணக்கெழுதுவதையும் நிறுத்திவிடும். அந்த ஃபங்ஷன் எழுதியவை எல்லாம் வரவு இல்லாமலே வெளியே போயின. வெறும் நகலெடுப்பை கேஎம்சான் கண்டுகொள்ளாது. மதிப்பு ஒரு நிபந்தனையில் வரும்போதோ, பாயிண்டராகப் பயன்படும்போதோ, பயனர் பக்கம் போகும்போதோ என நிஜமாகப் பயன்படும் இடங்களில்தான் கத்தும். அதற்குள் அது எத்தனையோ கோப்புகளைத் தாண்டியிருக்கும்.

அந்த அட்ரிபியூட்டை எடுத்துவிட்டு, ரொட்டீன் திரும்பிய அடுத்த வரியில், விடுபட்ட வரவை ஏற்றும் ‘கேஎம்சான் அன்பாய்சன் மெமரி’யை அழையுங்கள். நீளத்தில் கஞ்சத்தனம் காட்டுங்கள்: நிஜமாக நிரம்பிய பைட்டுகள் மட்டும். ஐபிஎம்மின் எஸ்390க்கு 2024இல் கேஎம்சான் வந்தபோது இதையேதான் செய்தார்கள். அங்கே ஒரு வன்பொருள் கட்டளை ராண்டம் எண்களை நேரே நினைவகத்தில் கொட்டும். அதையடுத்து இந்த அழைப்பு. (டிஎம்ஏ வழியே வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம், கெர்னலின் மேப்பிங் ஃபங்ஷன்களே பார்த்துக்கொள்ளும்.)

‘நோ கேஎம்சான் செக்ஸ்’ என்று இன்னொரு அட்ரிபியூட்டும் உண்டு. எதையும் கேள்வி கேட்காமல், வெளியே போவதையெல்லாம் மதிப்புள்ளதாகவே பதிந்துவிடும். ஸ்டாக்கைத் தெரிந்தே துழாவும் அன்வைண்டருக்கு அது சரி. ட்ரைவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள்: ரொட்டீன் பிழைக் குறியீட்டோடு திரும்பினால் பஃபர் நிரம்பியிருக்குமா? இல்லையென்றால் அந்த அழைப்பை வெற்றி பெற்ற கிளைக்குள் மட்டும் வையுங்கள்.