பச்சை மேசையும் குர்ட் யோஸும்

ஆடல் என்றதும் சலங்கையும் அபிநயமும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. மேலைநாட்டு ஆடல் என்றாலோ, கால்விரல் நுனியில் நின்று சுழலும் பலே நடனத்தையே பலரும் எண்ணுவர். போரையும் அகதி வாழ்வையும் ஆடற்பொருளாக்கிய நவீன ஆடல் முன்னோடி ஒருவரை இங்கு அறிமுகஞ்செய்ய விழைகின்றோம். அவரே குர்ட் யோஸ்.

1901ஆம் ஆண்டு தென் ஜேர்மனியில் பிறந்த யோஸ், ருடோல்ப் லாபனிடம் ஆடல் பயின்றார். இசைக்குச் சுரக்குறிப்பு இருப்பதுபோல் உடலசைவுகளைத் தாளில் எழுதும் முறையை வகுத்தவர் இந்த லாபனே. 1927இல் எசன் நகரில் போல்க்வாங் கலைப்பள்ளி தோன்றியபோது, அதன் நடனப் பிரிவை யோஸ் பொறுப்பேற்றார்.

1932 ஜூலையில் பாரிஸ் நகரில் நடைபெற்ற போட்டியில் அவரது 'பச்சை மேசை' முதற்பரிசு பெற்றது. திரை விலகியதும் நீண்டதொரு பச்சை மேசை. அதைச் சுற்றி முகமூடி அணிந்த பத்துக் கனவான்கள். வணங்குகின்றனர், வாதிடுகின்றனர், மீண்டும் வணங்குகின்றனர். முடிவில் துப்பாக்கிகள் வெடிக்கின்றன, போர் தொடங்குகின்றது. அதன்பின் அரங்கை ஆள்பவன் மரணதேவன். அந்த வேடத்தை யோஸே ஏற்று ஆடினார். போர்வீரரை அவன் கொண்டு செல்கின்றான். 'அகதிகள்' என்றே ஒரு காட்சி உண்டு. அதில் வீடிழந்து அலையும் முதிய தாயை மட்டும் மரணம் பரிவோடு அழைத்துச் செல்கின்றது. நம் பெற்றோர் பலருக்கு இக்காட்சிக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. இறுதியில் மீண்டும் அதே மேசை, அதே கனவான்கள், அதே வணக்கம்!

அரங்கேறி ஏழு மாதங்கள் நிறைவதற்குள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். குழுவிலிருந்த யூதரை நீக்குமாறு யோஸ் வற்புறுத்தப்பட்டார். அவர்களுள் ஒருவர் 'பச்சை மேசை'க்கு இசையமைத்த பிரிட்ஸ் கோஹன். யோஸ் யூதரல்லர், தலையசைத்திருந்தால் பதவியும் புகழும் நிலைத்திருக்கும். அவரோ மறுத்தார். 1933இல் தம் குழுவினருடன் எல்லை கடந்து நெதர்லாந்து சென்றார். பாரிஸ் பரிசினும் இம்மறுப்பையே நாம் பெரிதெனக் கருதுகின்றோம்.

பின்னர் இங்கிலாந்தின் டார்டிங்டன் அவருக்குப் புகலிடமாயிற்று. அதனை நிறுவிய எல்ம்ஹர்ஸ்ட், முன்னர் வங்காளத்தில் தாகூருடன் பணியாற்றியவர் என்பது நாம் அறியத்தக்கது. ஆயினும் ஏதிலி வாழ்வு எளிதாக இருக்கவில்லை. நாசிகளுக்குத் தப்பி வந்தவரையே, 1940இல், ஜேர்மனியர் என்பதால் பிரித்தானிய அரசு சில காலம் தடுத்து வைத்தது.

1949இல் எசன் திரும்பி மீண்டும் அதே பள்ளியிற் கற்பித்தார். உலகப் புகழ்பெற்ற பீனா பௌஷ் அங்கு அவரிடம் பயின்றவர். 1979இல் யோஸ் காலமானார். 'பச்சை மேசை'யின் அசைவுகள் லாபன் முறையில் எழுதப்பட்டுள்ளன. அக்குறிப்பின் துணையுடன் அவர் மகள் அன்னா மார்க்கார்ட் பல நாட்டு நடனக் குழுக்களுக்கு அதனைப் பயிற்றுவித்தார்.