வாசிகசாலைப் பட்டியலில் கேள்விக்குறிகள்

கேள்வி: பேராதனையில் கணினி விஞ்ஞானம் கற்கிறேன். எங்கள் ஊர் வாசிகசாலைக்காக பி.எச்.பி.யிலும் மைஎஸ்கியூஎல்லிலும் ஓர் இணையப் பட்டியல் செய்து வருகிறேன். எக்செல்லில் இருந்த பழைய பட்டியலை ஏற்றினால் நூற்பெயர்கள் புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. புதிதாகத் தமிழில் பதிபவை சில வேளைகளில் வெறும் கேள்விக்குறிகளாகின்றன. பட்டியலில் இருக்கும் நூலைத் தேடினாலும் சிலவேளை அகப்படுவதில்லை. மொங்கோடிபிக்கு மாறச் சொல்கிறார்கள் நண்பர்கள். மாறலாமா ஐயா?
– வாசகர், பேராதனை

பதில்: மாற வேண்டாம். நூல், ஆசிரியர், உறுப்பினர், இரவல் என ஒன்றோடொன்று பின்னிய தரவுக்கு நீங்கள் எடுத்ததே சரியான தரவுத்தளம். நூலகம் இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்த்து வருவது மீடியாவிக்கி மென்பொருளில். அதுவும் பி.எச்.பி.யில் எழுதப்பட்டதுதான். உங்கள் மூன்று கோளாறுகளுக்கும் காரணங்கள் வேறு வேறு.

ஆங்கில எழுத்துகளாக வருபவை பாமினி எழுத்துருவில் தட்டச்சானவையாக இருக்க வேண்டும். பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே கிடக்கிறது. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவசரப்பட்டுக் கோப்பு முழுவதையும் அவற்றில் கொட்டிவிடாதீர்கள். உண்மையான ஆங்கில நூற்பெயர்களும் சேர்ந்து சிதைந்துவிடும். எந்தக் கட்டம் எந்த எழுத்துரு என்ற விவரம் எக்செல் கோப்பில் மட்டுமே உண்டு, சி.எஸ்.வி.யாகச் சேமித்ததும் அது போய்விடும். ஆகவே எக்செல்லிலேயே பாமினி வரிகளைப் பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

கேள்விக்குறிகளுக்குக் காரணம், அட்டவணையோ இணைப்போ லத்தீன்1 குறிமுறையில் இருப்பது. மைஎஸ்கியூஎல் 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் யூடிஎப்8எம்பி4 என்ற யூனிகோட் குறிமுறையை இயல்புநிலை ஆக்கியது. தரவுத்தளம், அட்டவணை, பி.எச்.பி. இணைப்பு மூன்றிலும் அதையே குறிப்பிடுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டவை திரும்பி வரா; மறுபடி பதிய வேண்டியதுதான்.

தேடல்தான் நுட்பமான சிக்கல். ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். விசைப்பலகைக்கு விசைப்பலகை, மாற்றிக்கு மாற்றி இது வேறுபடும் என்பதால் ‘கொழும்பு’ என்று தேடுபவருக்குப் பாதி நூல்களே கிடைக்கும். மீடியாவிக்கி, தனக்குள் வரும் எழுத்தையெல்லாம் என்.எப்.சி. என்ற ஒரே வடிவுக்கு மாற்றியபின்தான் சேமிக்கிறது. நீங்களும் பி.எச்.பி.யின் நார்மலைசர் கொண்டு அப்படியே செய்யுங்கள். பதியும்போது மட்டும் செய்தால் போதாது. தேடுபவர் தட்டும் சொல்லையும் மாற்ற வேண்டும்.

அகரவரிசையையும் இப்போதே சோதித்துப் பாருங்கள். ‘மரம்’, ‘மனம்’ இரண்டையும் பதிந்து வரிசைப்படுத்துங்கள். ‘மனம்’ முதலில் வந்தால் தரவுத்தளம் எழுத்துகளின் குறியெண்படி அடுக்குகிறது என்று பொருள். தமிழ் அகராதியில் ரகரத்துக்குப் பிறகே னகரம். யூனிகோட் வரிசை விதிகளைப் பின்பற்றும் கொலேஷனை, அதாவது வரிசைப்படுத்தும் முறையை, தெரிந்தெடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உறுப்பினரின் தேசிய அடையாள அட்டை எண்ணைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வழங்கும் எண்ணில் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள் இரு முறை பதிவாகலாம். அதைவிட, புத்தகம் இரவல் கொடுக்க அந்த எண் தேவையே இல்லை. தனிநபர் தரவைக் காக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் வந்துவிட்டது. வாசிகசாலையின் சொந்த உறுப்பினர் எண் போதும்.

பாதுகாப்புக்காக இன்னொன்று: எஸ்கியூஎல் கட்டளைக்குள் பயனரின் சொல்லை நேராக ஒட்டாதீர்கள். பிரிபேர்ட் ஸ்டேட்மென்ட் வழியாகவே அனுப்புங்கள். இதில் விதிவிலக்கே கூடாது.

வாசிகசாலைக்கு ஒரு பட்டியல் கிடைத்தால் போதும் என்றால், நியூசிலாந்தில் 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்ற இலவச நூலக மென்பொருளை நிறுவிக் கொடுங்கள். கற்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால் உங்களுடையதைத் தொடருங்கள். எதைச் செய்தாலும் அந்தப் பழைய எக்செல் கோப்பின் பிரதி ஒன்றைத் தொடாமல் தனியே வைத்திருங்கள்.