காப்புறுதி முகவர் கவனத்திற்கு

ஆயுள் காப்புறுதி குறித்து ஒரு முறை விசாரித்தவர் அன்றே பணம் கட்டிவிடுவார் என எண்ணலாகாது. புதுவையைச் சூழ்ந்த பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் (இப்பிரெஞ்சுச் சொல் இன்றும் இங்கு வழங்குகிறது) நாம் கண்டவரை, உழவர் கையில் காசு புரள்வது அறுவடைக்குப் பின்னரே. நடவு நாளில் பிரீமியம் கேட்டால் "இல்லை" என்பார். அதனை மறுப்பெனக் கொள்ளுதல் பிழை.

அவரது வயது, பயிர், அறுவடை மாதம், எழுப்பிய ஐயம் ஆகியவற்றை முகவர் ஏட்டில் குறித்து, தை, மாசியில் மறுபடி செல்வாராக. வயதுச் சான்றாக எது செல்லும், தவணை தவறினால் யாது நேரும் என்பவற்றிற்கு விடையோடு செல்லுதல் வேண்டும். ஆண்டுத் தவணைக்கு 30 நாளும் மாதத் தவணைக்கு 15 நாளும் சலுகை உண்டு. அதன்பின் பாலிசி காலாவதியாகும். அவசரப்படுத்தி விற்ற பாலிசிகளே இரண்டாம் ஆண்டில் இக்கதியை அடைவதை நாம் அடிக்கடி காண்கிறோம். அதற்கிடையே குடும்பத் தலைவர் மறைந்தால், மனைவி மக்களுக்குக் கிடைப்பது வெறும் காகிதமே.

பெருந்தவணை இயலாதவர்க்கு 2015இல் தோன்றிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதித் திட்டத்தை எடுத்துரைக்கலாம். 18 முதல் 50 வயதுக்குள் சேர்வோர் ஆண்டுக்கு 436 ரூபாய் செலுத்தினால் 2 இலட்சம் ரூபாய்க்குக் காப்பு உண்டு. தொகை வங்கிக் கணக்கிலிருந்து மே இறுதியில் பிடிக்கப்படுவதால், அம்மாதம் கணக்கில் பணம் வைக்குமாறு ஊர்ப் பொறுப்பிலுள்ளோர் நினைவூட்டலாம்.